கல்யாணத்துக்கு இத்தனை அட்டை, குடித்தனத்துக்கு?

எனக்குத் தாய்மொழி தமிழ், என் கணவருக்கு வங்காளி. அவருடைய தமிழ் இப்போதைக்கு 'சரி', 'போதும்', 'அப்புறம்' என்கிற அளவில் நிற்கிறது. என் வங்காளி அதைவிட மோசம். ஆக, வீட்டில் ஓடுவது ஆங்கிலம்தான். இருவருமே நாள் முழுக்க அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிப் பிழைப்பவர்கள் என்பதால் இது ஒரு சிக்கலாகும் என்று கல்யாணத்துக்கு முன்பு யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் மனசு சரியில்லை என்று நான் அனுப்பிய குறுஞ்செய்திக்கு அவரிடமிருந்து வந்த பதில்: 'நோட்டட் வித் தேங்க்ஸ்'. கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை. மனிதருக்குக் கைவந்த ஆங்கிலம் அதுதான். வாடகைக் கணக்கைப் பற்றி நான் எழுதியதும் 'அஸ் டிஸ்கஸ்ட்', அதாவது 'பேசியபடி' என்றுதான் ஆரம்பித்தது.

கல்யாணப் பரிசாக வந்த ஒரு சொல் அட்டைப் பெட்டியைப் பிரிக்க வைத்தது இதுதான். 'புதிதாக மணமானவர்களுக்கான ஆங்கிலச் சொற்கள்' என்ற பொருளில் மூடியில் அச்சிட்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. புதிதாக மணமானவர்களுக்கு என்று தனி ஆங்கிலம் வேறு இருக்கிறதா? சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன், இருக்கிறது. இந்தப் பெட்டியில் அது பாதிதான் இருக்கிறது.

பெட்டியின் அமைப்பு நன்றாக இருக்கிறது. கெட்டி அட்டை, வழவழப்பான பூச்சு, மூலைகளை வளைவாக வெட்டியிருக்கிறார்கள். ஈரக் கையோடு எடுத்தாலும் மை கலையவில்லை. முன்பக்கம் ஆங்கிலச் சொல்; பின்பக்கம் எளிய ஆங்கிலத்தில் பொருள், ஒரு வாக்கியம், அதன் கீழே 'உங்கள் மொழியில்' என்று ஒரு வெற்றுக் கோடு. பெட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கோடுதான். நான் தமிழில் எழுதுகிறேன், கொஞ்சம் இடம் விட்டு அவர் வங்காளியில் எழுதுகிறார். ஓரத்தில் இருக்கும் சதுரக் குறியீட்டை போனில் காட்டினால் உச்சரிப்பு கேட்கும்.

பெட்டிக்குள் ஐந்து தடுப்பறைகள். இது செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் பிரபலப்படுத்திய முறை. புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில் இருக்கும். சொல் தெரிந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாவிட்டால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். மறதி எப்படி விழுகிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார் அல்லவா, அதன் வழியில் வந்த யோசனை. முறை அருமையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இது ஒரு ஆளுக்கான முறை. 'தம்பதிகளுக்கு' என்று விற்கிற பெட்டியில், எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத அட்டை எந்த அறைக்குப் போக வேண்டும்? கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேர் என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தாலே இந்தக் கேள்வி எழுந்திருக்கும். நாங்களாக ஒரு விதி வைத்துக்கொண்டோம்: இருவருக்கும் தெரிந்தால்தான் அட்டை நகரும். இதனால் வேகம் குறைந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் வழக்கம் வந்தது. தனித்தனியாகப் படிக்க நினைப்பவர்கள் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் வாங்கி, அட்டையின் மேல் விளிம்பில் ஆளுக்கு ஒரு நிறமாக ஒட்டிக்கொள்ளலாம்.

சரி, உள்ளே இருக்கும் சொற்களுக்கு வருவோம்.

பெட்டியின் பெரிய பகுதி கல்யாண நாளுக்கானது. 'வெயில்' (முகத்திரை), 'புக்கே', 'ஐல்', 'பிரைட்ஸ்மெய்ட்', 'பெஸ்ட் மேன்', 'அஷர்', 'வவ்', 'டோஸ்ட்' என்று அட்டைக்கு மேல் அட்டை. புதிதாக மணமானவர் என்றால் கல்யாணம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? முடிந்துபோன ஒரு நாளுக்கு எதற்கு இத்தனை சொல்? அதுவும் ஒரு வகைக் கல்யாணத்தை மட்டுமே மனதில் வைத்து எடுத்த சொற்கள். அடுத்தவர் கல்யாணத்துக்குப் போனால் உதவும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். உச்சரிப்புக்கும் பயன் உண்டு. 'புக்கே'யில் கடைசி 'டி' ஒலிக்காது, 'ஐல்' என்பதில் நடுவில் இருக்கும் 'எஸ்' ஒலிக்காது என்று காதால் கேட்டுப் பழகலாம். இந்த 'ஐல்' விமானத்திலும் பெரிய கடைகளிலும் வரிசைகளுக்கு நடுவே நடக்கிற வழிக்கும் பெயர். கல்யாணமானவருக்கு உதவப்போவது அந்தப் பொருள்தான், அதை அட்டை சொல்லவே இல்லை.

இதே பகுதியில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. 'ஹனிமூன்' அட்டையின் ஓரத்தில், முற்காலத்தில் மணமக்கள் ஒரு மாதம் தேன் மது குடித்தார்கள், அதனால் வந்த பெயர் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்க இனிக்கிற கதைதான், ஆனால் பழைய ஆதாரங்கள் அப்படிச் சொல்லவில்லை. சொல் பதினாறாம் நூற்றாண்டில் எழுத்தில் வருகிறது. 1552-இல் வெளியான ஓர் ஆங்கில-லத்தீன் அகராதி அதற்குக் கொடுக்கும் விளக்கம் வேறு: ஆரம்பத்தில் தேனாக இனிக்கும் அன்பு நிலவு தேய்வது போலத் தேயும் என்கிற கிண்டல். புதுமணத் தம்பதிக்கான பெட்டியில் இதைப் போட மனசு வரவில்லை போலிருக்கிறது.

'ஃபியான்சே' அட்டையும் இங்கே இருக்கிறது. அது நிச்சயமானவரைக் குறிக்கிற சொல். கல்யாணத்தோடு அதன் வேலை முடிந்தது. அதைத் தூக்கி வீசிவிட்டு, 'வெட்டிங்' எது, 'மேரேஜ்' எது என்று ஒரு அட்டை போட்டிருக்கலாம். முதலாவது அந்த ஒருநாள் விழா, இரண்டாவது அதற்குப் பிறகு நடக்கிற வாழ்க்கை. நம்மிடம் கல்யாணம் என்ற ஒரே சொல் விழா, வாழ்க்கை இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் விழாப் படங்களை 'மேரேஜ் போட்டோஸ்' என்கிறோம். அப்படி ஒரு அட்டை பெட்டியில் எங்குமே இல்லை.

இலக்கணத்தில் ஒரு அட்டை மட்டும் தங்கம். 'மேரி' என்ற வினைக்குப் பின்னால் ஒட்டுச்சொல் எதுவும் வேண்டாம், நேராக ஆளின் பெயர்தான். 'மேரிட்' என்றால் 'டு' வரும். 'அவரோடு கல்யாணம் ஆயிற்று' என்று தமிழில் நினைத்துக்கொண்டு பேசும்போது 'வித்' தானாக வாயில் வந்துவிடும், கேட்டுப் பாருங்கள். 'மேரிட் வித் டூ சில்ட்ரன்' என்றால் தப்பில்லை, ஆனால் அதற்கு அர்த்தம் மணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது. இந்த வித்தியாசத்தை ஒரே அட்டையில் மூன்று வாக்கியங்களில் காட்டியிருக்கிறார்கள். எழுதியவர் பாடம் நடத்திப் பழகியவராக இருக்க வேண்டும்.

உறவுமுறைப் பகுதியில் எங்களுக்கு நல்ல பொழுது போயிற்று. 'பிரதர்-இன்-லா' என்று ஒரு அட்டை. பின்பக்கக் கோட்டில் நான் மைத்துனர், கொழுந்தனார், சகலை என்று எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. அவர் பங்குக்கு கணவனின் அண்ணனுக்கு பாஷுர், தம்பிக்கு தேயோர், மனைவியின் சகோதரனுக்கு ஷாலா என்று விளிம்பு வரைக்கும் போனார். அடுத்து வந்த 'சிஸ்டர்-இன்-லா'வில் நாத்தனார், அண்ணி, கொழுந்தியாள், ஓரகத்தி எல்லாரும் ஒரே கோட்டில் நெருக்கியடித்து உட்கார வேண்டியதாயிற்று. அந்த 'லா' நீதிமன்றச் சட்டமல்ல, இன்னின்ன உறவுக்குள் மணம் செய்யக் கூடாது என்று திருச்சபை வகுத்த சட்டம் என்று குட்டி எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். இது சரியான தகவல்.

அட்டையோடு ஒரு யோசனையும் கொடுத்திருந்தால் உதவியிருக்கும். ஆங்கிலத்தில் ஆளைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் 'மை ஹஸ்பண்ட்ஸ் யங்கர் பிரதர்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஓரகத்திக்கு 'கோ-சிஸ்டர்', சகலைக்கு 'கோ-பிரதர்' என்று நாம் ஆங்கிலமாக நினைத்துப் பேசுவதை நமக்கு வெளியே உள்ளவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். 'கசின் பிரதர்' என்றாலும் விழிப்பார்கள், வெறும் 'கசின்' போதும். இதற்கெல்லாம் ஒரு எச்சரிக்கை அட்டை இருந்திருக்க வேண்டும்.

வீட்டு வேலைப் பகுதி சின்னது, ஆனால் தினமும் கைகொடுப்பது. 'டூ' எங்கே, 'மேக்' எங்கே என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் 'டூ'. படுக்கையைச் சரிசெய்வது 'மேக்', இடத்தை அலங்கோலமாக்குவதும் 'மேக்'. தீர்ந்துபோவதற்கு 'ரன் அவுட் ஆஃப்', எடுத்து உள்ளே வைக்க 'புட் அவே', தள்ளிப்போட 'புட் ஆஃப்', வெளியே போய் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகளுக்கு 'எரண்ட்ஸ்'. அலுவலக ஆங்கிலத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. இத்தனை வருடம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவருக்கு, 'சோப்பு தீர்ந்துவிட்டது' என்று சொல்ல 'நாட் அவைலபிள்' தவிர வேறு வராதது அதனால்தான்.

ஒரு குறை. எது பிரிட்டன் வழக்கு, எது அமெரிக்க வழக்கு என்று எங்குமே குறிக்கவில்லை. 'வாஷ் அப்' என்று நான் சொன்னது பாத்திரம் கழுவ. பிரிட்டன் ஆங்கிலத்தில் அதுதான் பொருள், அட்டையிலும் அப்படியே இருக்கிறது. அமெரிக்கத் தொடர்களாகப் பார்த்து ஆங்கிலம் பேசக் கற்ற என் கணவர் நேராகப் போய்க் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து நின்றார். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். இருவர் சொன்னதும் சரி, பாத்திரம் மட்டும் அப்படியே கிடந்தது. குப்பைக்கு 'ரப்பிஷ்', தண்ணீர்க் குழாய்க்கு 'டேப்' என்று அட்டைகள் பிரிட்டன் பக்கம் நிற்க, போனில் வரும் குரல் அமெரிக்கக் குரல். யாரோ எழுதிக் கொடுத்ததை வேறு யாரோ ஒருவர் ஒரே மூச்சில் படித்துப் பதிவு செய்ததாகத்தான் தோன்றுகிறது.

என் பெரிய ஏமாற்றம் சண்டைப் பகுதிதான். சண்டை என்றுகூடத் தலைப்பு இல்லை, 'கருத்து வேறுபாடுகளைக் கையாளுதல்' என்கிற தோரணையில் ஒரு தலைப்பு. உள்ளே 'கான்ஃப்ளிக்ட்', 'காம்ப்ரமைஸ்', 'கம்யூனிகேஷன்', 'மியூச்சுவல் ரெஸ்பெக்ட்'. மனிதவளத் துறை நடத்துகிற பயிலரங்கின் சுவரில் ஒட்டியிருப்பவை. இவையெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே மூட்டை மூட்டையாக இருந்தன, இவற்றால்தான் 'நோட்டட்' வந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தவை வேறு: சின்ன விஷயத்துக்கு வாய்ச்சண்டை போடுகிற 'பிக்கர்', முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற 'சல்க்', நச்சரிக்கிற 'நாக்', வெடுக்கென்று விழுகிற 'ஸ்னாப் அட்', பேசாமலே இருந்து தண்டிக்கிற 'சைலன்ட் ட்ரீட்மென்ட்', கடைசியில் சமாதானமாகிற 'மேக் அப்'. இதில் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. 'ஆங்ரி' இருக்கிறது, 'அப்செட்' இல்லை. எனக்கு வருகிற பத்துக் கோபத்தில் ஒன்பது 'அப்செட்' வகை. அதை 'ஆங்ரி' என்று சொல்லிவிட்டால் எதிராளி உடனே தற்காப்பில் இறங்கிவிடுவார், பேச்சு வேறு ஊருக்குப் போய்விடும். ஊடலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவர் கேட்டார். பெட்டியைக் கைகாட்டிவிட்டு எழுந்து போனேன்.

இந்தச் சொற்களை வெற்று அட்டைகளில் நாங்களே எழுதிச் சேர்த்தோம். நல்ல வேளையாக கொஞ்சம் வெற்று அட்டைகளைப் பெட்டியோடு தருகிறார்கள். அவை அத்தனையும் இதற்கே போயின.

கொஞ்சலுக்கான பகுதி 'ஹனி', 'ஸ்வீட்ஹார்ட்', 'டார்லிங்' என்று போகிறது. எங்களுக்குப் பயன்படவில்லை. அதற்கு அவரவர் தாய்மொழி போதுமானதாக இருக்கிறது. பணப் பகுதி பரவாயில்லை. 'லெண்ட்' கொடுப்பது, 'பாரோ' வாங்குவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டிய அட்டை, 'மார்ட்கேஜ்' என்று எழுத்தில் இருந்தாலும் 'டி' ஒலிக்காது என்று சொல்லும் அட்டை, இரண்டும் நன்று.

கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது விண்ணப்பப் படிவப் பகுதி. பரிசாக வந்ததென்றாலும் யாரோ கொடுத்த காசுதானே. கல்யாணமானதும் நிரப்ப வேண்டிய படிவங்களுக்குக் கணக்கில்லை. 'ஸ்பவுஸ்' கணவனுக்கும் பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும். 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்றால் அவசரத்தில் தகவல் சொல்ல வேண்டிய மிக நெருங்கிய உறவு. உங்களை நம்பி வாழ்பவரைக் குறிக்கும் 'டிபெண்டன்ட்' என்ற பெயர்ச்சொல்லை பிரிட்டனில் 'ஏ' போட்டு முடிப்பார்கள், அமெரிக்காவில் 'இ' போட்டு. (இங்கே மட்டும் இரண்டு நாட்டு வழக்கையும் சொல்லியிருக்கிறார்கள், ஆச்சரியம்.) 'மெய்டன் நேம்' மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், சில படிவங்களில் அதையே பிரெஞ்சு வழியில் 'நே' என்று கேட்டிருப்பார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத என்னைப் போன்றவர் அங்கே என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் அட்டையில் பதில் கிடையாது. 'மேரிட்டல் ஸ்டேட்டஸ்' அட்டை ஒரு நல்ல காரியம் செய்கிறது: எழுத்து இடம் மாறினால் 'மார்ஷியல்' ஆகிவிடும், அது போர் சம்பந்தப்பட்டது என்று எச்சரிக்கிறது. கையால் நிரப்பும்போது எளிதில் நடக்கக்கூடியதுதான்.

பெண்களுக்கான முன்னொட்டு அட்டை தனியாகப் பாராட்ட வேண்டியது. மணமாகாதவருக்கு ஒரு 'மிஸ்', மணமானவருக்கு 'மிஸஸ்', ஆனதா ஆகவில்லையா என்பது உங்களுக்கு எதற்கு என்று கேட்கிற இன்னொரு 'மிஸ்'. தமிழில் எழுதினால் முதலும் கடைசியும் ஒன்றுதான். காதில் கேட்டால் வேறு: முதலாவது 'பஸ்' என்பதில் வருவது போல முடியும், மற்றது வண்டு ரீங்கரிப்பது போல அதிர்ந்து முடியும். இந்த இடத்தில் ஒலிப்பதிவு உண்மையிலேயே உதவியது. இந்த மூன்றாவது முன்னொட்டை 1901-லேயே ஒரு அமெரிக்க நாளிதழ் யோசனையாக முன்வைத்தது என்றும், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 1986-இல்தான் அதை ஏற்றுக்கொண்டது என்றும் அட்டையில் இருக்கிறது. இரண்டும் சரியே. கல்யாணத்தோடு முன்னொட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இந்த அட்டையைப் பார்த்தால் போதும். நான் மாற்றவில்லை.

இன்னொரு நல்ல அட்டை 'எக்ஸ்பெக்டிங்'. விருந்தாளியை எதிர்பார்க்கிறோம் என்றால் விருந்தாளி என்ற சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'வி ஆர் எக்ஸ்பெக்டிங்' என்று அதோடு நிறுத்திவிட்டால் குழந்தை பிறக்கப்போகிறது என்று பொருள். புதிதாகக் கல்யாணமானவர் வாயிலிருந்து அப்படி ஒரு அரை வாக்கியம் வந்தால், மறுநாளே அலுவலகம் முழுக்க வாழ்த்து சொல்லும்.

யாருக்கு வாங்கலாம்? கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தாய்மொழி என்றால் படிவப் பகுதிக்காகவும் வீட்டு வேலைப் பகுதிக்காகவும் வாங்கலாம், மற்றதைப் பரணில் போட்டுவிடலாம். எங்களைப் போல ஆங்கிலத்திலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் வாங்குவதானால், கூடவே ஒரு கட்டு வெற்று அட்டையும் சேர்த்து வாங்குங்கள், நிச்சயம் தேவைப்படும். கல்யாணம் இன்னும் ஆகாதவர்களுக்கு, விந்தை என்னவென்றால், இந்தப் பெட்டி அப்படியே முழுசாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு வேண்டாம், பின்பக்க விளக்கமே ஆங்கிலத்தில் இருப்பதால் திணறுவார்கள். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் ஒன்று முழுக்க அந்த வெற்றுக் கோட்டுக்கு. அடுத்த பதிப்பு போடுகிறவர்கள் கோட்டை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போடுங்கள், நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் இடம் போதவில்லை.